கடை அடைத்த கடற்கரையில் ஐந்து நாள்

ஜனவரியில் திரங்கானு போகிறேன் என்றால், "மழையில் அங்கே போய் என்ன செய்யப் போகிறாய்?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை மார்ச் வரைகூட நீளும். பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் பெரும்பாலான தங்குவிடுதிகள் மூடிக் கிடக்கும். கடற்கரையில் சிவப்புக் கொடி பறக்கும்.

ஆனாலும் போனோம். நால்வருக்கும் ஒன்றாக விடுப்பு கிடைத்த வாரம் அதுதான். அறை வாடகையும் கைக்கு எட்டியது.

நாங்கள் பழைய நண்பர்கள் அல்லர். புக்கிட் காசிங் காட்டுப்பாதையில் சனிக்கிழமை காலைகளில் நடந்து உண்டான மூன்று மாதப் பழக்கம். ஒரு தாதி, ஒரு கணக்காளர், ஒரு கணினி நிரலர், வானொலியில் காலை நிகழ்ச்சி படைக்கும் நான். முப்பதைத் தாண்டிய பிறகு புதிய நட்பு அமைவது எவ்வளவு சிரமம் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். பள்ளித் தோழிகள் பிள்ளைகளின் பின்னால் ஓடுகிறார்கள். அலுவலக நட்பு பெரும்பாலும் கார் நிறுத்துமிடத்தோடு முடிந்துவிடுகிறது.

புறப்படும் முன் ஒரு விதி வைத்துக்கொண்டோம். ஆளுக்கு ஒரே தொகை, எல்லாம் ஒரே உறையில். பெண்கள் இருவருக்கு ஓர் அறை, ஆண்கள் இருவருக்கு ஓர் அறை. உறை தாதியின் பொறுப்பு.

படகு கட்டும் தீவு

இரவுப் பேருந்து விடியற்காலையில் எங்களைக் கோலா திரங்கானுவில் இறக்கியது. நாசி டாகாங் சாப்பிட்டுவிட்டு டுயோங் தீவுக்குப் போனோம். தீவு என்றாலும் ஆற்று முகத்துவாரத்தில் இருப்பது; பாலம் வழியாகவே போய்விடலாம். மரப்படகு கட்டுவதில் பேர்பெற்ற ஊர் அது. வரைபடம் கிடையாது, கண்ணளவுதான். முதலில் செங்கால் மரப் பலகைகளை மர ஆணிகளால் இணைத்து உடலை எழுப்புகிறார்கள்; உள்ளே விலா எலும்பு போன்ற சட்டங்கள் அதன் பிறகே வருகின்றன. பலகைகளுக்கு இடையில் வைக்கும் கெலாம் மரப்பட்டை தண்ணீர் பட்டதும் ஊறி, இடைவெளியை அடைத்துவிடுகிறது.

லோசோங் கிராமத்தில் கெரோப்போக் லெக்கோர் வாங்கினோம். மீன் சதையையும் சவ்வரிசி மாவையும் பிசைந்து, உருட்டி, வேகவைத்து எடுப்பது. கூட்டம் இல்லாததால் கடைக்கார மக்சிக் எங்களோடு உட்கார்ந்தே பேசினார். மழைக்காலத்தில் மீன் வரத்து குறைவு. வில்லையாக வெட்டிக் காயவைக்கும் கெரோப்போக்குக்கு வெயிலும் இல்லை. நமக்கு 'சீசன் இல்லை' என்பது அவர்களுக்கு வருமானம் இல்லாத மாதங்கள் என்பது அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

திரும்பி வராத பருவம்

அடுத்த நாள் கடலோரச் சாலையில் தெற்கே போகும் பேருந்தில் ஏறி, மாராங் தாண்டி ரந்தாவ் அபாங்கில் இறங்கினோம். ஒரு காலத்தில் முதுகுப்பைப் பயணிகள் உலகின் பல மூலைகளிலிருந்தும் தேடிவந்த கரை இது. ஓட்டின் வரிகள் நட்சத்திரப் பழத்தைப் போல இருப்பதால் மலாயில் 'பெலிம்பிங்' என்று பெயர் பெற்ற பெரிய கடலாமைகள் இங்கே முட்டையிட வந்தன. 1956இல் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட கூடுகள் இருந்தன. இன்று ஓர் ஆமை கரையேறினாலே செய்தி. பல ஆண்டுகளாக முட்டைகளை எடுத்துத் தின்றதும், மீன்வலைகளில் ஆமைகள் சிக்கி மடிந்ததும் முக்கியக் காரணங்கள். எல்லா வகை ஆமை முட்டைகளின் விற்பனைக்கும் திரங்கானுவில் 2022இல்தான் தடை வந்தது. அந்த வெறும் மணலில் நாங்கள் அதிகம் பேசவில்லை.

செராத்திங்கில் ஒரு மழை இரவு

எல்லை தாண்டினால் பகாங் மாநிலத்தின் செராத்திங். மற்ற கரைகள் ஓய்ந்திருக்கும்போது இங்கே அலைச்சறுக்குக் காலம். பலகையோடு பலர் கடலில் இருப்பதைக் கண்டு எங்கள் நிரலருக்கும் ஆசை வந்தது. உணவுக்கடைப் பெண்மணி தடுத்தார். அவர்களுக்கு இந்த நீரோட்டம் பழக்கம், கையில் மிதக்கும் பலகையும் இருக்கிறது, உனக்கு இரண்டும் இல்லையே என்றார். நாங்கள் கால் மட்டும் நனைத்தோம்.

அன்றிரவு மழையோடு மின்சாரமும் போனது. கைப்பேசிகளை அணைத்துவிட்டு, மர வீட்டின் முன்கட்டில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் நிரலர் சொன்னார், வேலை போய் ஏழு வாரம் ஆகிறது என்று. வீட்டுக்குத் தெரியாது. தினமும் காலையில் மடிக்கணினிப் பையோடு புறப்பட்டு, நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு, மாலையில் திரும்புகிறார். தங்கையின் படிப்புச் செலவு அவர் பொறுப்பு. (அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.)

வானொலியில் ஐந்து விநாடி சத்தம் இல்லாவிட்டால் எங்களுக்குப் பதறும். அன்று வெகுநேரம் மழைச் சத்தம் மட்டுமே. யாரும் ஆறுதல் சொல்ல அவசரப்படவில்லை. கடைசியில் கணக்காளர்தான் பேசினார்: "உங்க கடன் எல்லாத்தையும் காலையில ஒரு தாள்ல எழுதுங்க. சேர்ந்து பார்ப்போம்."

ரொட்டி சானாய்க் கடையில் அந்தத் தாளைப் பார்த்தபடியே, "சொக்சோவில் விண்ணப்பித்தீர்களா?" என்று கேட்டார். வேலை இழந்தவர்களுக்கு 2018 முதல் சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டம் உதவித்தொகை தருகிறது. சந்தா கட்டியிருக்க வேண்டும். தாமாக வேலையை விட்டிருக்கக் கூடாது. முக்கியமாக, வேலை போன 60 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நிரலருக்கு 49 நாள் கடந்திருந்தது. மேசையை விட்டு எழும் முன்பே கைப்பேசியில் விண்ணப்பத்தைத் தொடங்கினார்.

குவாந்தான் பேருந்து நிலையத்தில் தள்ளிப்போய் நின்று அப்பாவுக்குப் போன் செய்தார். என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. "முதல்ல சாப்டியான்னுதான் கேட்டாரு," என்று அவராகவே சொன்னார்.

ஜூலையில் போயிருந்தால் படகு, பவளப்பாறை, புகைப்படம் என்று பகல் ஓடியிருக்கும். இரவில் களைத்துத் தூங்கியிருப்போம். செய்ய ஒன்றும் இல்லாத ஓர் இரவு கிடைத்ததால்தான் அவரால் வாய் திறக்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு

கிளம்பும் முன் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையைப் பாருங்கள். வெள்ள எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். சிவப்புக் கொடி பறந்தால் கடலில் இறங்காதீர்கள். திரங்கானுவில் வார விடுமுறை வெள்ளி, சனி என்பதை நினைவில் வையுங்கள். நெடுஞ்சாலைப் பேருந்துகள் சிற்றூர்களில் நிற்பதில்லை. கடலோரச் சாலை வழியா என்று கேட்டு ஏறுங்கள். அறை வாடகையை நேரில் பேசலாம், ஆனால் அடித்துப் பேரம் பேச வேண்டாம். அவர்களுக்கு இது ஒடுங்கிய காலம். உடன் வருபவர்களுக்காக ஒரு மாலையையாவது எந்தத் திட்டமும் போடாமல் விட்டுவையுங்கள்.