விளையாட்டுப் பெட்டியா, கணினியா: எது பலசாலி?

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும், கணினிக் கடையில் பொருளைவிட எண்கள்தாம் முதலில் கண்ணில் படும். இத்தனை கிகாஹேர்ட்ஸ், இத்தனை கிகாபைட், இத்தனை கோர். பிளேஸ்டேஷன் போன்ற கேம் கொன்சோல்களின் விளம்பரங்களிலும் அப்படித்தான். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் பிள்ளைகள் "கொன்சோல்தான் பலசாலி" என்கிறார்கள். காசு கொடுக்கும் பெற்றோருக்கோ எதை நம்புவது என்று விளங்குவதில்லை. இந்த இரண்டு இயந்திரங்களும் 40 வருடங்களுக்கும் மேலாக ஓடி வந்த பாதையைச் சற்றுப் பார்த்தால் அந்தக் குழப்பம் தீரும்.

எண்கள் எதைச் சொல்கின்றன?

கடைக்காரர் 'புரொசெசர்' என்பதை நாம் பாடநூலில் 'முறைவழியாக்கி' என்று படிக்கிறோம். அதன் வேகத்தை ஹேர்ட்ஸில் அளப்பார்கள். ஒரு மெகாஹேர்ட்ஸ் என்றால் ஒரு செக்கனுக்குப் பத்து இலட்சம் துடிப்புகள். ஒவ்வொரு துடிப்பிலும் சிறு வேலை ஒன்று நகரும். நினைவகம் என்பது வேலை செய்யும் மேசை. மேசை சிறிதென்றால் பொருட்களை அடிக்கடி எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது எண் 'பிளொப்ஸ்'. ஒரு செக்கனில் தசம எண்களைக் கொண்டு எத்தனை கணக்குகள் செய்யலாம் என்பதை இது சொல்கிறது. முப்பரிமாண விளையாட்டில் ஒரு பந்து உருளும்போது அதன் இடம், நிழல், வெளிச்சம் எல்லாமே தசமக் கணக்குகள். ஆகவே விளையாட்டுக்கு இந்த எண் முக்கியம். ஆனால் ஒரு கட்டுரையைத் தட்டச்சுச் செய்வதற்கு இது ஏறக்குறையத் தேவையே இல்லை.

ஒரே குடும்பத்து மூளை, இரண்டு வேலை

1975 இல் 6502 என்ற முறைவழியாக்கி அமெரிக்காவில் 25 டொலருக்கு வெளிவந்தது. அதைக் கொண்டு 1977 இல் 'ஆப்பிள் 2' என்ற கணினி செய்யப்பட்டது. அதே 6502 இன் வழிவந்த மூளைதான் 1983 இல் ஜப்பானில் வெளியான நின்டெண்டோ 'பெமிகொம்' கொன்சோலிலும் இருந்தது. நமது பெற்றோர் சிறுவயதில் 'டீவி கேம்' என்று விளையாடிய மலிவான பெட்டிகளில் பல இதைப் பார்த்துச் செய்யப்பட்டவை.

பெமிகொமின் வேகம் 1.79 மெகாஹேர்ட்ஸ், நினைவகம் 2 கிலோபைட். 1981 இல் வந்த ஐபிஎம் கணினியின் வேகம் 4.77 மெகாஹேர்ட்ஸ், நினைவகம் குறைந்தது 16 கிலோபைட். எண்ணளவில் கணினிதான் பலசாலி. ஆனால் 'சூப்பர் மாரியோ' ஓடும்போது பின்னாலுள்ள காட்சி வழுக்கிக்கொண்டு நகருமே, அதை அந்தக் கணினியால் செய்ய முடியவில்லை.

காரணம், பெமிகொமில் படம் வரைவதற்கென்றே தனியாக ஒரு சில்லு இருந்தது. அது காட்சியைச் சிறு சிறு ஓடுகளாகப் பிரித்து வைத்திருக்கும். எந்த இடத்திலிருந்து காட்ட வேண்டும் என்ற எண்ணை மாற்றினாலே முழுக் காட்சியும் நகர்ந்துவிடும். ஐபிஎம் கணினியிலோ ஒவ்வொரு புள்ளியையும் முறைவழியாக்கியே திருப்பி எழுத வேண்டும். அதைவிடப் பலமடங்கு வேகமான கணினிகள் வந்த பிறகு, 1990 இல், ஜோன் கார்மக் என்ற அமெரிக்க இளைஞர் ஒரு வழி கண்டார். மாறிய ஓடுகளை மட்டும் வரைந்து, மற்றவற்றை அப்படியே விட்டுவிட்டார். கணினியிலும் காட்சி வழுக்கி ஓடியது. ஏழு வருடங்களுக்கு முன் ஒரு விளையாட்டுப் பெட்டி செய்ததை அப்போதுதான் கணினி எட்டிப் பிடித்தது.

இதை விளங்கிக்கொள்ள நமது தெருவில் இடியப்பம் அவித்து விற்கும் வீட்டை நினைத்துப் பாருங்கள். காலை வேளையில் நூற்றுக்கணக்கில் இடியப்பம் இறங்கும். எந்த உம்மாவாலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. ஆனால் அங்கே போய் வட்டிலப்பம் கேட்டால் கிடைக்காது. உம்மாவின் குசினியில் ரொட்டியும் வரும், புரியாணியும் வரும், நோன்புக் கஞ்சியும் வரும், மெதுவாகத்தான் வரும். மாவும் அடுப்பும் ஒன்றுதான். கொன்சோல் இடியப்ப வீடு, கணினி உம்மாவின் குசினி.

2000 மார்ச்: ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள்

2000 மார்ச் 4 ஆம் திகதி ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2 விற்பனைக்கு வந்தது. அதன் வேகம் ஏறத்தாழ 295 மெகாஹேர்ட்ஸ். அதே வாரத்தில் ஏஎம்டி, இன்டெல் ஆகிய இரு நிறுவனங்களும் கணினிகளுக்காக 1000 மெகாஹேர்ட்ஸ் முறைவழியாக்கிகளை வெளியிட்டன. வேகத்தில் கணினி மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் சொனி நிறுவனம் தனது பெட்டியால் செக்கனுக்கு 620 கோடி தசமக் கணக்குகளைச் செய்ய முடியும் என்றது. ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்கிடும் பகுதிகள் அதற்குள் இருந்தன. ஜப்பான் அரசாங்கம் அதன் ஏற்றுமதிக்கே கட்டுப்பாடு விதித்தது. ஆயுதங்களுக்கும் பயன்படலாம் என்பதுதான் காரணம்!

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய நமது அயல்நாட்டைப் பார்க்க வேண்டும். 1980களில் இந்தியா அமெரிக்காவிடம் 'கிரே' என்ற மீகணினியைக் கேட்டது. இராணுவத்துக்குப் பயன்படுத்தலாம் என்ற சந்தேகத்தில் அமெரிக்கா தயங்கியது. எனவே 1988 இல் பூனேயில் சி-டாக் நிறுவனம் அமைக்கப்பட்டது. விஜய் பட்கரின் தலைமையில் 1991 இல் 'பரம் 8000' என்ற மீகணினி உருவானது. விலைகூடிய ஒரு பெரிய மூளைக்குப் பதிலாக, சந்தையில் கிடைத்த பல சிறு சில்லுகளை இணைத்து அதைச் செய்தார்கள். சிறு துளி பெரு வெள்ளம். அதன் ஆற்றல் கோட்பாட்டளவில் செக்கனுக்கு 100 கோடிக் கணக்குகள் என்ற மட்டத்தில் இருந்தது. ஒரு நாடே பாடுபட்டுச் சேர்த்த அளவு எண், ஒன்பது வருடங்களில் ஒரு விளையாட்டுப் பெட்டியின் விளம்பரத்தில் ஆறு மடங்காக வந்து நின்றது.

கருந்துளையைக் கணக்கிட்ட விளையாட்டுப் பெட்டி

2006 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 3 இல் சொனி, தொஷிபா, ஐபிஎம் ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்கிய 'செல்' என்ற மூளை இருந்தது. வேகம் 3.2 கிகாஹேர்ட்ஸ். விளையாட்டுகளை விற்று இலாபம் எடுக்கலாம் என்பதால் பெட்டியை நட்டத்துக்கே விற்றார்கள். இன்னொரு சிறப்பும் அதற்கு இருந்தது. உரிமையாளர் விரும்பினால் லினக்ஸ் பணிசெயல் முறைமையை அதில் நிறுவலாம். அதாவது இடியப்ப வீட்டுக்குள் ஒரு குசினியையும் திறந்து வைத்திருந்தார்கள்.

கான்பூர் ஐஐடியில் படித்து அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பௌதிகவியல் கற்பித்துவந்த கௌரவ் கன்னா இதைக் கவனித்தார். மீகணினியில் நேரம் வாங்குவதற்கு நிறையப் பணம் தேவை. அவரோ 2007 இல் பிளேஸ்டேஷன் 3 பெட்டிகள் எட்டை இணைத்து, பின்னர் பதினாறாக்கி, கருந்துளைகளிலிருந்து எழும் ஈர்ப்பு அலைகளைக் கணக்கிட்டார். 2010 இல் அமெரிக்க விமானப் படையின் ஆய்வுகூடம் 1,760 பெட்டிகளை இணைத்து ஒரு மீகணினியையே கட்டியது.

ஆனால் அதே 2010 ஏப்ரல் முதலாம் திகதி சொனி ஒரு புதிய மென்பொருளை அனுப்பியது. பாதுகாப்பைக் காரணம் காட்டி லினக்ஸ் நிறுவும் வசதியை அது நீக்கியது. ஏற்க மறுத்தவர்கள் இணையத்தில் மற்றவர்களோடு விளையாட முடியாமற் போனது. இந்த இடத்தில்தான் நான் நின்று யோசித்தேன். பெட்டிக்குள் இருந்த மூளை அதேதான். வேகம், நினைவகம், பிளொப்ஸ் எதுவும் குறையவில்லை. ஆனாலும் நேற்றுவரை கருந்துளையைக் கணக்கிடக்கூடியதாக இருந்த பெட்டி, இன்று விளையாட மட்டுமே உதவியது. எந்த வேலையைக் கொடுக்கலாம் என்ற உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை எந்த எண்ணும் சொல்வதில்லை.

இன்றைய நிலை

2013 இல் வந்த பிளேஸ்டேஷன் 4 முதல் கொன்சோல்களுக்கும் கணினிகளுக்கும் உள்ளே பெரிய வித்தியாசம் இல்லை. 2020 இல் வந்த பிளேஸ்டேஷன் 5 இல் இருப்பது கணினிகளுக்கும் முறைவழியாக்கி செய்யும் ஏஎம்டியின் எட்டு கோர் மூளைதான். 10.28 டெராபிளொப்ஸ், அதாவது செக்கனுக்குப் பத்து இலட்சம் கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள். அதே விலைக்கு வாங்கும் சாதாரண கணினி விளையாட்டில் அதன் பக்கத்தில் நிற்காது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நாமே ஒரு நிரலை எழுதி அதில் ஓட்டிப் பார்க்க முடியாது. கதவுக்குப் பூட்டு உண்டு, திறப்பு நிறுவனத்திடம்.

வீட்டுக் கணக்கு

2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மூவரும் வாப்பாவின் ஒரே தொலைபேசியில் மாறி மாறிப் பாடம் கேட்டோம். கணினிக்காகக் காசு சேர்க்கத் தொடங்கியபோது 2022 வந்தது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. சேர்த்த காசு சேர்த்தபடியே இருக்க, கணினி தூரப் போய்விட்டது. கடைசியில் வாங்கக்கூடிய நிலை வந்தபோது, வெள்ளவத்தையில் மாமி வீட்டில் பிளேஸ்டேஷன் விளையாடிப் பழகிய தம்பி டெராபிளொப்ஸ் கணக்கோடு வந்து நின்றான். வாப்பா இரண்டு தாள்களைத் தந்து, வாங்கினால் அதில் என்னென்ன செய்வீர்கள் என்று எழுதச் சொன்னார். தம்பியின் தாளில் இரண்டு வரிகள். எனது தாளில் உயர்தரச் செயற்றிட்டம், 12 ஆம் தரத்துப் பொதுத் தகவல் தொழினுட்பப் பரீட்சை, பைத்தன் பழகுவது, வாப்பாவின் கடைக் கணக்கு, தங்கையின் பாடம் என்று பக்கம் நிறைந்தது. பாவித்த கணினி ஒன்றை வாங்கினோம். தம்பி இப்போது அதில் 'ஸ்கிராச்' மென்பொருளால் ஒரு பந்து விளையாட்டைச் செய்துகொண்டிருக்கிறான். கணினி மெதுவானது என்ற முறைப்பாடு மட்டும் இன்னும் தீரவில்லை. அதில் அவன் சொல்வதும் உண்மைதான்.

கொன்சோல் கூடாத பொருள் என்று நான் எழுத வரவில்லை. வீட்டில் ஏற்கெனவே கணினி இருந்தால், விளையாடுவதற்குக் கொன்சோல்தான் மலிவு. ஆனால் விளையாட்டு வட்டுகளுக்கும் தொடர்ந்து காசு போகும் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். அத்தோடு நான் பார்த்த வீடுகளில் கொன்சோல் ஆண் பிள்ளைகளின் பொருளாகிவிடுகிறது. மண்டபத்தில் வைத்த கணினி எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது.

ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், பெற்றோர் கடைக்காரரிடம் வேகத்தைக் கேட்க முன்னர் பிள்ளைகளிடம் வேலையைக் கேளுங்கள். படிப்புக்கென்றால் விலைகூடிய கிராபிக்ஸ் அட்டை தேவையில்லை. 8 கிகாபைட் நினைவகமும், பழைய சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி தட்டும் இருந்தால் பாவித்த கணினியும் நன்றாக உழைக்கும். பைத்தன், ஸ்கிராச், லிப்ரே ஒபிஸ் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. தோழியரே, கணினி வந்த பின்னர் அதைத் தம்பிமாரிடமும் நாநாமாரிடமும் விட்டுவிடாமல், நாளுக்கு ஒரு மணித்தியாலமாவது அதன் முன் அமர்ந்து உங்கள் சொந்த நிரல் ஒன்றை எழுதிப் பாருங்கள்.