மின்சாரக் கம்பியில் ஓடும் சேதி!

சுவருக்குள் ஓடும் மின்சாரக் கம்பி விளக்கை எரிய வைக்கும். அதுவே சேதியும் சொல்லும் என்றால் நம்புவீர்களா?

ஸ்காட்லாந்தில் கிளன்ராதஸ் என்ற ஊர். அங்கே 1975-ல் பிக்கோ எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியார் உருவாக்கிய முறைக்கு 'எக்ஸ் 10' என்று பெயர். புதுக் கம்பி வேண்டாம். படுத்தபடியே பொத்தானை அழுத்தினால், வீணாக எரியும் சமையலறை விளக்கு அணைந்துவிடும்!

எப்படி? அமெரிக்க வீடுகளில் மின்சாரம் வினாடிக்கு 60 முறை அதிர்கிறது. சேதியோ 1,20,000 முறை அதிர்கிறது. ஆகவே கருவி அதைப் பிரித்து அறிகிறது. தன் எண் வந்ததும் விளக்கை அணைக்கிறது.

ஒரு தொல்லையும் உண்டு. பக்கத்து வீட்டுக்கும் அதே டிரான்ஸ்பார்மராக இருந்தால், சேதி அங்கேயும் போகலாம். இவர் அழுத்த, அவர் விளக்கு அணையும்! இதற்காகவே வீட்டைக் குறிக்க 16 எழுத்துகள் வைத்தார்கள். அண்டை வீட்டாரைக் கேட்டு, வேறு எழுத்தை வைத்துக்கொண்டால் சண்டையில்லை!