இரண்டு முட்களும் சேர்ந்து ஏறினால்

பழைய ஃபோர்டு 3000 டிராக்டர். உழவு பாதியில் இருக்கும்போது சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிடுகிறது. ஓட்டுபவர் பதறிப்போய் இறங்கிப் பார்க்கிறார். ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை, கொதிக்கவும் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் டீசல் முள்ளும் மேலே போய் நிற்கிறது. காலையில் அரை டேங்க்தான் இருந்தது. எஞ்சின் சூட்டுக்கும் டேங்கில் உள்ள டீசலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பிறகு எப்படி இரண்டும் ஒரே நேரத்தில் ஏறின?

1960-களின் நடுவில் இங்கிலாந்தின் பாசில்டனில் வெளிவரத் தொடங்கிய வண்டி இது. பின்னாளில் இதே குடும்பத்து டிராக்டர்களை எஸ்கார்ட்ஸ் ஃபரீதாபாத்தில் தயாரித்தது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றைப் போல இதிலும் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சிறிய தகரப் பெட்டி இருக்கும். பெயர் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். பேட்டரி மின்னழுத்தம் ஒரே நிலையில் நிற்பதில்லை. எஞ்சின் ஓடாதபோது 12 வோல்ட்டை ஒட்டி இருக்கும், சார்ஜ் ஏறும்போது 14-க்குப் போகும். அதற்கேற்ப முட்களும் ஆடினால் அளவு காட்டிப் பயனில்லை. அதனால் இரண்டு மீட்டர்களுக்கும் இந்தப் பெட்டி வழியாகவே மின்சாரம் போகிறது.

உள்ளே எலக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது. சூடுபட்டால் வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு பட்டை, அதன்மேல் சுற்றிய மெல்லிய கம்பி, ஒரு ஜோடி காண்டாக்ட். அவ்வளவுதான். கம்பியில் மின்சாரம் ஓடினால் பட்டை சூடாகி வளைந்து காண்டாக்ட் பிரியும். ஆறினால் மறுபடி சேரும். மின்னழுத்தம் கூடினால் சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் பிரியும். இப்படி விட்டுவிட்டுப் போகும் மின்சாரத்தின் சராசரி, பிரிட்டிஷ் வகைப் பெட்டிகளில், ஏறத்தாழ 10 வோல்ட். மீட்டர்களும் சூட்டால் மெதுவாக நகரும் வகை என்பதால் இந்தத் துடிப்பு முள்ளில் தெரியவே தெரியாது. இந்த வடிவமைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

இப்போது கோளாறுக்கு வருவோம். சுற்றிய கம்பியில் மின்சாரம் ஓடவேண்டுமானால் அது பெட்டியின் உடல் வழியாக டேஷ்போர்டு தகட்டுக்கு எர்த் ஆகவேண்டும். தகட்டில் துரு பிடித்தாலோ, யாராவது பெயின்ட் அடித்து அதன்மேலேயே திருகியிருந்தாலோ எர்த் போய்விடும். பிறகு பட்டை சூடாவதில்லை, காண்டாக்ட் பிரிவதில்லை. 10 வோல்ட்டுக்குப் பதில் முழு பேட்டரி மின்னழுத்தமும் மீட்டர்களுக்குப் போகிறது. மீட்டர்களின் எர்த் டேஷ்போர்டில் இல்லை. ஒன்றுக்கு டேங்கில் உள்ள மிதவையிடம், இன்னொன்றுக்கு எஞ்சினில் உள்ள சென்சாரிடம். அவை நன்றாக இருப்பதால் இரண்டு முட்களும் வேலைசெய்தபடியே ஏறி நிற்கின்றன. ஒரு துண்டு வயரை எடுத்து அந்தப் பெட்டியின் உடலையும் பேட்டரியின் எர்த் முனையையும் இணைத்துப் பாருங்கள். சற்று நேரத்தில் இரண்டு முட்களும் இறங்கினால், புது மீட்டர் வாங்கும் செலவு மிச்சம்.

பழைய டிராக்டரின் டேஷ்போர்டைத் திறக்கும் பலர் மின்சாரம் வரும் வழியைத்தான் தேடுகிறார்கள். திரும்பிப் போகும் வழியை முதலில் பார்க்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வரும் வழிக்கு பியூஸும் வயரும் இருக்கின்றன. திரும்பும் வழியோ வண்டியின் இரும்பு உடல்தான். தகடு, போல்ட், பிராக்கெட் என ஒவ்வொரு இணைப்பிலும் சேறு, உரத்தூள், பேட்டரியின் அமில ஆவி, ஓயாத அதிர்வு எல்லாம் வேலைசெய்கின்றன. லூகாஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் வண்ண முறையில் இழுத்த வயரிங் என்றால் கறுப்பு வயர்தான் எர்த். அந்தக் கறுப்பு வயர்கள் வந்து சேரும் திருகைக் கழற்றி, உலோகம் பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினாலே பல புதிர்கள் தீர்ந்துவிடும்.

இதில் மல்டிமீட்டர் நம்மை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. மங்கலாக எரியும் ஹெட்லைட்டின் பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் என்று சுத்தமாகக் காட்டும். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை ஏறத்தாழ ஒரு கோடி ஓம். அது இழுக்கும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். இருபது இழை அறுந்து ஒரே இழை மிஞ்சிய வயரும் அதைத் தாங்கும். பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் ஓம் 1827-இல் வெளியிட்ட விதியின்படி, தடையில் இழக்கும் மின்னழுத்தம் ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. மின்னோட்டமே இல்லாவிட்டால் இழப்பும் தெரியாது. அரை ஓம் துரு மீட்டருக்கு ஒன்றுமே இல்லை. 4 ஆம்பியர் இழுக்கும் ஹெட்லைட்டில் அது 2 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகத் தின்றுவிடும், வெளிச்சம் பாதியை நெருங்கும். 200 ஆம்பியர் கேட்கும் செல்ஃப் மோட்டாருக்கோ நூறில் ஒரு பங்கு ஓம் தடையே 2 வோல்ட் நஷ்டம். ஆகவே லைட்டை எரியவிட்டுத்தான் அளக்கவேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் எர்த் முனையில், மறுமுனை டேஷ்போர்டு தகட்டில். பத்தில் ஒன்றிரண்டு பங்கு வோல்ட் காட்டினால் பரவாயில்லை. ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால், பல்புக்குப் போய்ச் சேரவேண்டியது வழியில் தொலைகிறது.

சார்ஜ் விளக்கு இன்னும் அழகான விஷயம். டைனமோ வைத்த வண்டிகளில் அந்தச் சிவப்பு விளக்கின் ஒரு முனை சாவி சுவிட்ச் வழியாக பேட்டரியிடம், மறுமுனை டைனமோவிடம். இரண்டு தட்டிலும் எடை சமமானால் நேராக நிற்கும் தராசைப் போல, இரு பக்க மின்னழுத்தமும் சமமானால் விளக்கு அணைந்துவிடுகிறது. டைனமோவுக்குத் தொடக்க ஊக்கம் தருவது அதன் இரும்பில் சென்ற ஓட்டத்திலிருந்து தங்கிய மெல்லிய காந்தம். அந்தத் துளிக் காந்தம் சிறிது மின்சாரம் தர, அந்த மின்சாரம் காந்தத்தைப் பெருக்க, இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் என்ற தத்துவத்தை வெர்னர் சீமென்ஸின் கட்டுரை 1867-இல் பெர்லின் அறிவியல் கழகத்தின் முன் வைத்தது.

இரவில் ஹெட்லைட் போட்டு ஓட்டும்போது மட்டும் அந்தச் சிவப்பு விளக்கு மெலிதாகக் கனல்வதைச் சிலர் கவனித்திருப்பார்கள். உடனே டைனமோவைக் கழற்றிக்கொண்டு கடைக்கு ஓடவேண்டாம். லைட்டுகளுக்கான 10 ஆம்பியரும் தேய்ந்துபோன சாவி சுவிட்ச் வழியாகப் போனால், அதன் உள்ளே பத்தில் இரண்டு பங்கு ஓம் தடை இருந்தால் போதும், 2 வோல்ட் அங்கேயே விழும். டைனமோ பக்கம் 14 வோல்ட், சுவிட்ச் பக்கம் 12. அந்த வித்தியாசத்தில்தான் விளக்கு கனல்கிறது. லைட்டை அணைத்தால் அதுவும் அணையும். ஐயம் இருந்தால் லைட் எரியும்போதே சுவிட்சின் இரண்டு டெர்மினல்களிலும் மீட்டரின் இரு முனைகளை வைத்துப் பாருங்கள்; அந்த 2 வோல்ட் மீட்டரில் அப்படியே தெரியும். டைனமோவை பேட்டரியோடு இணைத்துவிடும் கட்-அவுட்டின் காண்டாக்ட் கருகியிருந்தாலும் இதே கனல் வரும் என்பதால், சுவிட்ச் சரியாக இருந்தால் அடுத்து அங்கே அளக்கவேண்டும்.