களத்துக்கு வெளியே - 11: டி.வி.யில் வந்த தீர்ப்பு

போன வாரம் கால்பந்து வீரர் அன்வர் அலியை மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் கிளப்புகளுக்கு நடுவே விட்டுவிட்டு வந்தோம். 2024இல் அவருடைய ஒப்பந்த விவகாரம் கால்பந்துக் கூட்டமைப்பின் குழுவுக்கும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கும் அலைந்துகொண்டிருந்த நாட்களில், அவருடைய ஆட்டத்தைவிடக் குணம்தான் அதிகம் அலசப்பட்டது. விசுவாசம் இல்லாதவர், பணத்தைப் பார்த்ததும் தாவியவர் என்றெல்லாம் பேச்சு. ஒப்பந்தப் பேச்சு நடக்கும்போது இத்தகைய சேதிகள் தானாக முளைப்பதில்லை. யாரோ ஒருவர் போனை எடுத்து யாரோ ஒரு நிருபரிடம் சொல்கிறார். சொல்கிறவருக்கு அதில் ஆதாயம் உண்டு. வீரரின் பெயர் கெட்டால் விலை இறங்கும். இல்லாவிட்டால், கிளப் மேல் வர வேண்டிய கோபம் வீரர் பக்கம் திரும்பும்.

ஆனாலும் அன்வர் அலிக்கு வழக்கு நடத்த வக்கீல்கள் இருந்தார்கள். அவர்தான் வேண்டும் என்று நின்ற ஒரு கிளப் இருந்தது. இவை எதுவுமே இல்லாத ஒருவரைப் பற்றி ஊகம் கிளம்பினால் என்ன ஆகும்? அந்தக் கேள்வியோடு என் சொந்த மாவட்டத்துக்கு வருகிறேன். இந்தத் தொடரை ஆரம்பித்தபோதே எழுத நினைத்த அத்தியாயம் இது. பத்து வாரம் தள்ளிப்போட்டேன். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. அப்பா, அம்மா இருவருக்கும் செங்கல் சூளை வேலை. எங்கள் பக்கம் இதைக் கல்லறுக்கப் போவது என்பார்கள். மண்ணைக் குழைத்து, அச்சில் போட்டு, வெயிலில் காயவைத்து, அடுக்கி, சூளை வைக்கும்வரை முதுகு நிமிராத வேலை. வேலை கிடைக்கும் ஊருக்குக் குடும்பமாகவோ தனியாகவோ போய்விடுவார்கள். பெற்றோர் வெளியூர் போகும் நாட்களில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மூத்த பெண் சாந்திக்கு. பதின்மூன்று வயதில் அவருக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்தவர் தாத்தா. ஊருக்கு வெளியே ஒரு மண் தரைதான் மைதானம். முதல் ஜோடி ஷூவும் தாத்தா வாங்கித் தந்ததுதான்.

அந்த மண் தரையிலிருந்து பள்ளிப் போட்டிகள், பிறகு விளையாட்டுத் தகுதியில் கல்லூரி, பிறகு மாநிலம், பிறகு நாடு. 3000 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தில் தேசிய சாதனை. 2005இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. ஒரு தலித் குடும்பத்தின் பெண், வயிறு நிறையச் சாப்பாடு என்பதே நிச்சயமில்லாத வீட்டிலிருந்து வந்தவர், தடகளத்திலேயே மிகக் கொடூரமான தூரம் என்று பயிற்சியாளர்கள் சொல்லும் 800 மீட்டரில் ஆசியாவின் இரண்டாவது ஆள். இந்த வரியை எழுதும்போது இப்போதும் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

2006 டிசம்பர் 9, தோஹா. ஆசிய விளையாட்டு, பெண்கள் 800 மீட்டர் இறுதி. பஹ்ரைனின் மரியம் யூசுப் ஜமால் தங்கத்தைத் தனதாக்கிக்கொண்டார். வெள்ளிக்குத்தான் போட்டி. கடைசி மீட்டர்களில் சாந்தியும் கஜகஸ்தானின் விக்டோரியா யலோவ்ட்சேவாவும் அநேகமாக ஒன்றாகவே கோட்டைத் தொட்டார்கள். சாந்தியின் நேரம் 2 நிமிடம் 3.16 விநாடி. நூறில் மூன்று பங்கு விநாடி முந்தியிருந்தார்.

அதற்குப் பிறகு அவரை ஒரு மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார்கள். எதற்கு என்று புரியும்படி யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்று அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஊருக்குத் திரும்பிவிட்டார். விளையாட்டுப் போட்டி முடிந்து சில நாட்கள் கழித்து, டிசம்பர் 18 வாக்கில், பாலினப் பரிசோதனையில் அவர் தேறவில்லை என்ற சேதி நாடு முழுக்கப் பரவியது. தன் உடலைப் பற்றிய சேதியை அவர் தெரிந்துகொண்டது, நம் எல்லோரையும் போல, டி.வி. பார்த்து. கையில் ஒரு காகிதம் வரவில்லை. எதிரே உட்கார்ந்து விளக்கிச் சொல்ல ஒரு மருத்துவர் இல்லை.

இப்போது என் பங்கைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் ஒரு நாளிதழின் டெஸ்கில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத உதவி ஆசிரியர். ஏஜென்சி காப்பி ஆங்கிலத்தில் வந்தது. புதுக்கோட்டைக்காரன் என்பதால் என்னிடம் தள்ளினார்கள். மொழிபெயர்த்தேன். தலைப்பில் 'தோல்வி' என்று போட்டேன். பரீட்சையில் தோற்பது போல, தேர்தலில் தோற்பது போல. ஒருவர் தன் உடம்பில் எப்படித் தோற்க முடியும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. நேரம் இரவு பத்தேகால், பக்கம் போக வேண்டும். சேதியில் பெயர் சொல்லாத 'வட்டாரங்கள்' இருந்தன. அந்த வட்டாரங்கள் யார், ஒருவரின் மருத்துவ அறிக்கை அவர் கைக்குப் போகும் முன்பே செய்தி நிறுவனத்துக்கு எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. எனக்கு மேலே இருந்த மூத்தவர்களும் கேட்கவில்லை. எங்களுக்குத் தோன்றிய கேள்வி ஒன்றே ஒன்று: அவர் யார்?

அந்தக் கேள்வியோடுதான் கேமராக்கள் கத்தக்குறிச்சிக்குப் போயின. ஒரு பெண்ணின் குரல், நடை, முடி, சின்ன வயதுப் பழக்கங்கள் எல்லாம் ஊர் வாயில் அலசப்பட்டன. அவர் உடலைப் பற்றி அன்று வெளியான மருத்துவ விவரங்களை இந்தக் கட்டுரையில் நான் எழுதப்போவதில்லை. தேடினால் கிடைக்கும். கிடைக்கிறது என்பதற்காக அது நம்முடையதாகிவிடாது.

விதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதை அன்று யாரும் எழுதவில்லை. பெண் வீரர்கள் எல்லோரையும் கட்டாயமாகப் பரிசோதிக்கும் வழக்கத்தை உலகத் தடகள அமைப்பு 1992லும், ஒலிம்பிக் கமிட்டி 1999லும் கைவிட்டுவிட்டன. 2006இல் தடகள அமைப்பு வைத்திருந்த கொள்கைப்படி, சந்தேகம் எழுந்தால் மகளிர் நல மருத்துவர், ஹார்மோன் மருத்துவர், மனநல நிபுணர் உள்ளிட்ட குழு அந்த வீரரைப் பார்க்க வேண்டும். பிறப்பிலேயே அமையும் சில உடல்நிலைகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, இவை இருந்தாலும் பெண்கள் பிரிவில் ஓடலாம் என்றும் அதே கொள்கை சொன்னது. அதாவது, 'தேறவில்லை' என்ற ஒற்றைச் சொல்லால் எதையும் முடிவு செய்துவிட முடியாத விதி அது. வாதாட இடம் இருந்தது. இந்திய விளையாட்டு நிர்வாகம் அவருக்காக மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. பதக்கம் பறிக்கப்பட்டது.

எனக்கு இன்றுவரை ஆறாத இடம் இதுதான். கால்பந்து கிளப் ஒன்று தன் வீரரைப் பற்றி வதந்தி வந்தால் மறுநாளே அறிக்கை விடும். ஏஜென்ட் பேசுவார். அந்த அறிக்கை பொய்யாகவே இருந்தாலும், எதிர்ப்பக்கம் என்று ஒன்று இருக்கும். சாந்தி விஷயத்தில் பேச வேண்டியவர்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த மௌனத்தில் ஊகம் காட்டுக்கருவை போல மண்டியது. அவருக்குச் சென்னையிலும் டெல்லியிலும் ஆள் இருந்திருந்தால், பெயர் தெரிந்த குடும்பமாக இருந்திருந்தால், ஏஜென்சி காப்பி அந்த வடிவத்தில் வெளியே வந்திருக்குமா? வந்திருக்காது என்றே நம்புகிறேன்.

மூன்று வருடம் கழித்து, 2009 ஆகஸ்டில், பெர்லின் உலகத் தடகளப் போட்டி. அதே 800 மீட்டர். தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா, வயது பதினெட்டு, 1:55.45இல் ஓடித் தங்கம் வாங்கினார். இறுதி ஓட்டத்துக்குச் சில மணி நேரம் முன்னால் அவர் பரிசோதிக்கப்படும் விஷயம் கசிந்தது. அதே ஊகம், இன்னும் மோசமாக, உலகம் முழுக்க. ஆனால் அவர் ஊர் திரும்பியபோது விமான நிலையத்தில் கூட்டம் பாடி ஆடி வரவேற்றது. நாட்டின் அதிபரே நேரில் சந்தித்துப் பேசினார். செமன்யா பதக்கத்தை இழக்கவில்லை. அவருடைய சட்டப் போராட்டம் 2025இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வுவரை போய், அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்ற தீர்ப்பும் வந்தது.

இந்தியாவுக்கும் புத்தி வந்தது, எட்டு வருடம் தாமதமாக. 2014இல் ஒடிசாவின் தூத்தி சந்த் காமன்வெல்த் போட்டிக்கு முன்பு தடுக்கப்பட்டபோது, இந்திய விளையாட்டு ஆணையம் அவர் பக்கம் நின்றது. விளையாட்டுத் தகராறுகளுக்கான சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனார்கள். 2015 ஜூலையில் அந்த ஹார்மோன் விதியே நிறுத்தி வைக்கப்பட்டது. தூத்தி ஓடினார். அவருக்காக எல்லோரும் பேசியபோது சாந்தியின் பெயரும் கூடவே வந்தது, முன்கதையாக.

கால்பந்துத் தொடர் என்று நினைத்துப் படிப்பவர்களுக்காக ஒரு சம்பவம். 2013, தென்கொரியா. பெண்கள் லீக்கில் சியோல் அணிக்கு ஆடிய பார்க் உன்-சுன், ஆறடியைத் தொடும் உயரம், அந்தப் பருவத்தில் 19 கோல். மற்ற ஆறு அணிகளின் பயிற்சியாளர்கள் சேர்ந்து, அவருடைய பாலினத்தைப் பரிசோதிக்க வேண்டும், இல்லையென்றால் லீக்கில் ஆட மாட்டோம் என்றார்கள். அவர் அதற்கு முன்பே நாட்டுக்காக ஆடியவர், பல வருடங்களுக்கு முன்பே அந்தப் பரிசோதனையைக் கடந்தவர். களத்தில் தடுக்க முடியாதவரை வேறு வழியில் தடுக்கப் பார்த்தார்கள். கொரியாவின் தேசிய மனித உரிமை ஆணையம் 2014இல், இது பாலியல் துன்புறுத்தல் என்றது. 2015 உலகக் கோப்பையில் அவர் ஆடினார்.

விதி எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மருத்துவ அறிவு இல்லை. பெண்கள் பிரிவுக்கு ஒரு வரையறை வேண்டும் என்பவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. 2025 செப்டம்பரிலிருந்து உலகத் தடகள அமைப்பு பெண்கள் பிரிவில் ஓடுவோருக்கு மரபணுச் சோதனையை மறுபடி கட்டாயமாக்கியிருக்கிறது. அதைப் பற்றிய சண்டை இன்னும் பல வருடம் ஓடும். ஆனால் எந்த விதியிலும், எந்தக் காலத்திலும், அறிக்கையைப் பத்திரிகைக்குக் கொடு என்று எழுதியிருந்ததில்லை. எழுதாத அந்த வேலையைச் செய்தவர்கள் நிர்வாகிகளும் நாங்களும்.

சாந்தியின் ஒப்பந்தப் பேச்சு தோஹாவுக்குப் பிறகுதான் தொடங்கியது. கோடிக்கணக்கில் பேரம் பேசும் ஒப்பந்தம் இல்லை, ஒரு நிரந்தர வேலை. அப்போதைய முதல்வர் கருணாநிதி 15 லட்ச ரூபாய் கொடுத்து அவரை மதித்தார். அது அந்த நாட்களில் பெரிய ஆறுதல். அந்தப் பணத்தைக் கொண்டு புதுக்கோட்டையில் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி மையம் தொடங்கினார். 2007 செப்டம்பரில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். உயிரை விட்டுவிட நினைக்கும் அளவுக்கு அவமானம் அவரைத் துரத்தியிருந்தது. மீண்டு வந்து மறுபடி விசிலை எடுத்துக்கொண்டார். அவரிடம் பயின்ற பிள்ளைகள் சென்னை மாரத்தானில் பரிசு வாங்கினார்கள். பிறகு தற்காலிகப் பயிற்சியாளர் வேலை, மாதம் சில ஆயிரம் ரூபாய், எப்போது நிற்கும் என்று தெரியாது. நின்றது.

2012இல் ஒரு புகைப்படம் வந்தது. சாந்தி செங்கல் சூளையில். தினக்கூலி 200 ரூபாய். எந்த வேலையிலிருந்து தாத்தா அவரை ஓடச் சொன்னாரோ அதே வேலையில். அந்தப் படம்தான் டெல்லியை அசைத்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்திரிகையால் ஆன நல்லதும் இதில் உண்டு. அப்போதைய மத்திய விளையாட்டு அமைச்சர் அஜய் மாக்கன் தலையிட்டார். பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பில் சேர்ந்து 2014இல் முடித்தார். மயிலாடுதுறையில் விளையாட்டு ஆணையத்தின் மையத்தில் வேலை, அதுவும் ஒப்பந்தத்தில்தான். நிரந்தரம் கேட்டு மறுபடி மனு, மறுபடி அலைச்சல். ஒவ்வொரு மனுவின்போதும் 2006இன் தலைப்பு புதிதாக அச்சேறியது. வேலை கேட்டு வந்த பயிற்சியாளரைப் பற்றி எழுதும் சேதியில்கூட, முதல் பத்தியில் அவர் உடல்தான் இருந்தது. இரண்டாவது பத்தியில்தான் பதக்கங்கள்.

2016 டிசம்பரில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் அவருக்கு நிரந்தரப் பணி கிடைத்தது. தோஹாவிலிருந்து பத்து வருடம்.

அந்த வாரம் என் பழைய கட்டிங்குகள் இருந்த அட்டைப் பெட்டியைத் திறந்தேன். 2006 டிசம்பரின் அந்தப் பக்கம் மஞ்சளாகிக் கிடந்தது. நான் மொழிபெயர்த்த சேதியை முழுதாகப் படித்துப் பார்த்தேன். பதினேழு வரி. அவர் ஓடிய நேரம் அதில் எங்கேயும் இல்லை.

(தொடரும்)