குதிரைத்திறனும் குளிர்நீரும்

சித்தூர், திருப்பதி வட்டாரக் கிளைகளில் பணியாற்றும் எங்களிடம் சில ஆண்டுகளாக ஒரு புதுவகைக் கடன் கோரிக்கை வருகிறது. கார் வாங்குவதற்கு அன்று. வாங்கிய காரை மாற்றியமைப்பதற்கு. மாம்பழக் கூழ் ஆலை, கிரானைட், பால் வணிகம் என்று குடும்பத் தொழிலில் ஈடுபட்டுள்ள இளைஞர்களே இவர்களில் மிகுதி. கையில் ஏற்கெனவே ஒரு நல்ல டர்போ செடான் இருக்கும். அதன் ஆற்றலை இன்னும் ஐம்பது, அறுபது குதிரைத்திறன் கூட்ட வேண்டும் என்பார்கள். இந்த ஆசையை நாங்கள் குறை கூறவில்லை. ஆயினும் சித்தூரின் கோடையையும் திருமலையின் ஏற்றத்தையும் கணக்கில் கொள்ளாமல் செய்யப்படும் செலவு, வாகனத்துக்கும் வங்கிக் கணக்குக்கும் ஒருசேர இழப்பாக முடியக்கூடும். அதனால்தான் இக்கட்டுரை.

ஆசை எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்ததே. ஸ்கோடா நிறுவனம் 2004-இல் ஆக்டேவியா ஆர்.எஸ். என்ற 150 குதிரைத்திறன் டர்போ பெட்ரோல் செடானை இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. அக்காலத்தில் நம் சாலைகளுக்கு அது ஒரு வியப்பு. 2017-இல் 230 குதிரைத்திறனுடனும், 2020-இல் 245 குதிரைத்திறனுடனும் அதன் வாரிசுகள் வந்தன. 2020-இல் வந்தவை இருநூறே கார்கள். 2025-இல் வந்தவை நூறே. விலை ஐம்பது இலட்சத்தைத் தொட்டது. அவ்வகைக் கார் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆகவே ஸ்லாவியா, விர்டஸ், வெர்னா போன்ற 1.5 லிட்டர் டர்போ செடான்களை வாங்கி, சென்னையிலோ பெங்களூருவிலோ கோவையிலோ உள்ள பட்டறைகளில் கொடுத்து அந்த இடைவெளியைக் குறைக்க முயல்கிறார்கள்.

முதலில் செய்யப்படுவது கணினி மென்பொருள் மாற்றம். 'ஸ்டேஜ் ஒன்று' என்று இதனைச் சொல்வர். டர்போ கூடுதலாகக் காற்றை அழுத்துகிறது. அதற்கேற்ப எரிபொருளும் கூடுகிறது. அடுத்து காற்று வடிகட்டி, புகைக்குழாய், பெரிய இன்டர்கூலர் என்று பட்டியல் நீளும். இப்பட்டியலில் ரேடியேட்டர் பெரும்பாலும் கடைசியில் வரும். அல்லது வராமலே போகும்.

வெப்பத்தின் வரவு செலவு

வணிகவியல் படித்த எங்களுக்கு என்ஜினை ஒரு பேரேடாகப் பார்ப்பதே எளிது. வரவு என்பது எரிபொருளின் ஆற்றல். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோதான் இயக்கமாகிறது. இன்னொரு பெரும்பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியைக் குளிர்நீர் சுமந்து ரேடியேட்டரில் இறக்கிவைக்க வேண்டும். அதாவது முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறன் கூடினால், ஏறக்குறைய ஒரு குதிரைத்திறன் அளவு வெப்பமும் குளிர்நீரின் கணக்கில் ஏறுகிறது. ஆற்றலை மட்டும் கூட்டிவிட்டுக் குளிர்விப்பை அப்படியே விடுவது, விற்பனையைப் பெருக்கிவிட்டுக் கடன் வசூலை மறந்துவிடுவதற்கு ஒப்பானது.

இனி திருமலைக்கு வருவோம். அலிபிரியிலிருந்து மேலே செல்லும் வாகனங்களுக்கான பாதை 1974-இல் அமைந்தது. இறங்குவதற்கு இன்று பயன்படும் பழைய பாதை 1944-இல் திறக்கப்பட்டது. பாதையின் நீளம் 18 அல்லது 19 கிலோமீட்டர். ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ 700 மீட்டர். விபத்துகளைத் தவிர்ப்பதற்காக ஏறுவதற்கு 28 நிமிடம், இறங்குவதற்கு 40 நிமிடம் என்று குறைந்தபட்ச நேரத்தைத் தேவஸ்தானம் வகுத்திருக்கிறது. அதற்கு முன்பே சென்றடைந்தால் சோதனைச் சாவடியில் பதில் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூட இயற்பியலைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளுமாக 1,700 கிலோ எடையுள்ள காரை 700 மீட்டர் உயரத்துக்கு 28 நிமிடத்தில் தூக்குவதற்குத் தேவைப்படும் சராசரி ஆற்றல் சுமார் 7 கிலோவாட். டயர்களின் உராய்வையும் காற்றின் தடையையும் சேர்த்தால் 10 கிலோவாட். அதாவது பதினான்கு குதிரைத்திறன். செங்குத்தான இடங்களிலும், கொண்டை ஊசி வளைவைக் கடந்து வேகமெடுக்கும்போதும் இது பன்மடங்காகும் என்பது உண்மை. ஆயினும் 150 குதிரைத்திறன் உள்ள காருக்கு இந்த மலை ஒரு பொருட்டன்று. 210 குதிரைத்திறனாக மாற்றிய கார் அங்கே ஒரு நிமிடத்தைக்கூட மிச்சப்படுத்தப் போவதில்லை. நேரக்கட்டுப்பாடு அதற்கு இடம் கொடுக்காது.

அப்படியானால் மலைப்பாதையில் பானெட்டைத் திறந்துவைத்து ஆவி பறக்க நிற்கும் கார்கள் ஏன் என்று கேட்கலாம். காரணம் ஆற்றல் குறைவு அன்று, காற்றோட்டக் குறைவு. நெடுஞ்சாலையில் எண்பது, நூறு கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். மலையில் வேகம் முப்பது, நாற்பதுக்குள் அடங்கிவிடுகிறது. முன்னே ஒரு பேருந்து ஊர்ந்தால் பத்துக்கும் இறங்கும். அப்போது முழுப் பொறுப்பும் மின்விசிறியின் மேல் விழுகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் ஏ.சி.யின் கண்டென்சர் ஏற்கெனவே சூடான காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும். அதற்கும் முன்னால் ஒரு தடித்த இன்டர்கூலரைப் பொருத்தியிருந்தால் காற்று இன்னும் தடைபடும். மே மாதத்தில் திருப்பதியின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நாள்களில், சித்தூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ நிற்காமல் வந்து அப்படியே மலையேறும் காரின் நிலையை எண்ணிப் பாருங்கள். பெங்களூரு செல்வோர் பலமநேருக்கு முன் ஏறும் மொகிலி மலைப்பாதையிலும் இதே நிலைதான்.

தண்ணீரா, கூலண்டா?

எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் அனுபவம் இங்கே பயன்படும். மென்பொருளை மாற்றிய ஆறாவது மாதம் அவருடைய கார் மலைப்பாதையில் கொதித்து நின்றது. பட்டறையின் மீதுதான் அவருக்குக் கோபம். பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது வேறு. இரண்டு கோடைகளாகக் குளிர்நீர் குறையும்போதெல்லாம் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார்கள். இவ்வட்டாரத்தில் பல ஊர்களின் நிலத்தடி நீர் உப்பும் கடினத்தன்மையும் மிகுந்தது. வெந்நீர் அண்டாவின் உட்புறத்தில் படியும் வெண்ணிறப் படிவத்தை அறியாத வீடு இங்கு இல்லை. அதே படிவம் ரேடியேட்டரின் நுண்குழாய்களில் படிந்து பாதியை அடைத்திருந்தது. மூடியின் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. பழைய ஆற்றலுக்கு அந்த ரேடியேட்டர் ஓரளவு ஈடுகொடுத்திருக்கும். புதிய ஆற்றலுக்கு முடியவில்லை.

மூடிதானே என்று எண்ணிவிடக் கூடாது. திருமலை உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாதிக்குப் பாதி கிளைகால் கலந்த கூலண்டின் கொதிநிலை சாதாரண அழுத்தத்தில் 107 டிகிரி அளவு. மூடி உள்ளே தேக்கிவைக்கும் அழுத்தம் அதனை மேலும் இருபது டிகிரிக்கு மேல் உயர்த்துகிறது. சில நூறு ரூபாய் மதிப்புள்ள அந்த மூடி பழுதானால், இலட்ச ரூபாய் என்ஜினுக்கு இருந்த பாதுகாப்பு விளிம்பு முழுவதும் போய்விடும். கூலண்டை நிறுவனம் குறித்த கால இடைவெளியில், குறித்த வகையிலேயே மாற்ற வேண்டும். கலப்பதற்குக் காய்ச்சி வடித்த நீரே ஏற்றது.

சாலையோரப் பட்டறைகளில் இன்றும் ஒரு வழக்கம் உண்டு: கார் சூடானால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது. அம்பாசிடர் காலத்தில் அதற்கு ஏதேனும் பொருள் இருந்திருக்கலாம். இன்றைய கணினிக் கட்டுப்பாட்டு என்ஜின், தான் இன்னும் சூடாகவில்லை என்று கருதிக் கூடுதல் பெட்ரோலைச் செலுத்தும், ஆயிலும் கெடும். நோயை விட்டுவிட்டு வெப்பமானியை உடைத்த கதைதான். இன்னொன்று: பல புதிய கார்களில் வெப்பநிலை முள் 90-லேயே அசையாமல் நிற்குமாறு அமைத்திருக்கிறார்கள். உண்மையான வெப்பநிலை நூறைத் தாண்டியும் அது அசையாது. மாற்றியமைத்த காருக்கு ஓ.பி.டி. கருவி ஒன்றைப் பொருத்தி உண்மை எண்ணைப் பார்ப்பது, நாங்கள் அறிந்தவரை இத்துறையில் மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் நன்மை.

மலையேறும் முன் திருப்பதியிலேயே அரை மணி நேரம் என்ஜினை நிறுத்தி ஆறவிடலாம். ஏறும்போது வெப்பநிலை கூடினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுமையாக வைத்து, கண்ணாடிகளை இறக்கிவிட வேண்டும். வியர்க்கும், ஆனால் என்ஜினின் வெப்பத்தில் ஒரு பகுதி அவ்வழியே வெளியேறும். சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டால் ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிட வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறப்பதும், குளிர்ந்த நீரை ஊற்றுவதும் கூடவே கூடாது. முன்னது கையைச் சுடும். பின்னது சிலிண்டர் தலையை விரிசல் விடச் செய்யும்.

பணத்தின் பக்கம்

கொதித்து நின்ற கார் என்ன செலவு வைக்கும்? கேஸ்கெட் பொசுங்கி, சிலிண்டர் தலை வளைந்தால் பெருந்தொகை. இங்குதான் பலர் ஏமாற்றமடைகிறார்கள். 'முழுக் காப்பீடு' என்று நாம் அழைக்கும் வழக்கமான வாகனக் காப்பீடு, விபத்து, தீ, திருட்டு, இயற்கைச் சீற்றம் ஆகியவற்றுக்கானது. இயந்திரப் பழுதுக்கு அன்று. என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பு பெரும்பாலும் தண்ணீர் புகுதல், ஆயில் கசிவு போன்றவற்றையே கருத்தில் கொண்டது. மென்பொருள் மாற்றப்பட்டது தெரிந்தால் தயாரிப்பு நிறுவனத்தின் உத்தரவாதமும் கிடைக்காது. கார் பட்டறையில் நிற்கும். மாதத் தவணை நிற்காது.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். என்ஜின் கொள்ளளவும் குதிரைத்திறனும் ஆர்.சி.யில் இடம்பெறும் விவரங்கள் என்பதை நினைவில் கொள்க. கடன் தீரும் வரை அந்த ஆர்.சி.யில் வங்கியின் பெயரும் ஹைப்பாதிகேஷன் என்று இருக்கும். ஆகவே காரில் மாற்றம் செய்யும் முன் கடன் ஒப்பந்தத்தைப் படித்து, கிளைக்கு எழுத்து மூலம் தெரிவிப்பது முறை. காப்பீட்டு நிறுவனத்துக்கும் அவ்வாறே தெரிவித்து, பாலிசியில் பதிவு பெற வேண்டும். மறைத்த மாற்றம், பின்னர் உண்மையான விபத்து ஒன்றில் இழப்பீட்டையே தடுக்கக்கூடும்.

மேலே சொன்ன வாடிக்கையாளர் இரண்டாம் முறை வந்தபோது கேட்டது தனிநபர் கடன். பெரிய இன்டர்கூலருக்கும் புகைக்குழாய்க்கும். கார் கடனை விட அதன் வட்டி கூடுதல். அவர் குடும்பத்தின் வருமானமோ மாம்பழப் பருவத்தைச் சார்ந்தது. கோரிக்கையை நாங்கள் மறுக்கவில்லை. ஒரு பட்டியலை அவர் முன் வைத்தோம். அதில் முதலில் இருந்தவை புதிய ரேடியேட்டர், மூடி, ரப்பர் குழாய்கள், தெர்மோஸ்டாட், தண்ணீர் பம்பு, மின்விசிறிச் சோதனை. இவை எவையும் ஆர்.சி.யின் விவரங்களைத் தொடாதவை. அவற்றை முடித்துக் கையிருப்பிலிருந்தே பணம் கொடுத்தார். மென்பொருளையும் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டார். தாயாரை மாதந்தோறும் திருமலைக்கு அழைத்துச் செல்லும் கார் அது.

முழு ஆற்றலையும் உண்மையிலேயே காண விரும்புவோருக்கு இடம் இல்லாமல் இல்லை. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-இலிருந்து பந்தயத் தடம் இருக்கிறது. கோவைக்கு அருகே கரி மோட்டார் ஸ்பீட்வே உள்ளது. அங்கே இருபது நிமிடம் ஓடினாலே கூலண்டும் ஆயிலும் பிரேக்கும் தத்தம் எல்லையைக் காட்டிவிடும். புறப்படும் முன் காப்பீட்டுப் பத்திரத்தில் 'பயன்பாட்டு வரம்பு' என்ற பகுதியைப் படித்துக்கொள்ளுங்கள். பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் அது பொருந்தாது என்று அங்கே அச்சிட்டிருப்பார்கள்.