சுமை வண்டியும் வாவிக்கரையும்

ஞாயிறு எழும் பக்கத்துக் கரையை எழுவான்கரை என்றும், அது படும் பக்கத்துக் கரையைப் படுவான்கரை என்றும் மட்டக்களப்பு மக்கள் வழங்கி வருகின்றனர். இவ்விரு கரைகளுக்கும் நடுவே, வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி பரந்து கிடக்கிறது. நெல் பெரும்பாலும் விளைவது படுவான்கரையில். பெரிய கடைத்தெருக்களும் கல்முனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையும் அமைந்திருப்பவை எழுவான்கரையில். ஆகவே இப்பகுதியில் ஒரு சுமை நெடுந்தூரம் செல்ல வேண்டுமாயின், எங்கேனும் ஓரிடத்தில் நீரைக் கடந்தே ஆகவேண்டும்.

முற்காலத்தில் நெல்மூடைகளை வள்ளங்கள் சுமந்தன. துறைகளில் படகுப்பாதைகள் மனிதரையும் மாட்டையும் வண்டியையும் ஒருங்கே அக்கரை சேர்த்தன. 1924ஆம் ஆண்டில் கல்லடியில் இரும்புப் பாலம் எழுந்தது. அந்த ஒடுங்கிய பாலத்தின் அருகே அகன்ற புதிய பாலம் 2013ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மண்முனைத் துறையில் படகுப்பாதையை நம்பியிருந்த கொக்கட்டிச்சோலைப் பகுதி மக்களுக்கு 2014ஆம் ஆண்டில் பாலம் கிடைத்தது.

பாலங்கள் வந்தமையால் வள்ளம் சுமந்த சுமைகள் பாரவூர்திகளுக்கும் உழவு இயந்திரப் பெட்டிகளுக்கும் மாறின. சுமைகளின் இயல்பும் மாறியது. நெல்லும் தேங்காயும் விறகும் சென்ற அதே வழியில் இன்று பெற்றோல், எரிவாயு, அமிலம், கிருமிநாசினி, கல்லுடைக்கும் வெடிமருந்து ஆகியனவும் செல்கின்றன. நெல்மூடை அவிழ்ந்து விழுந்தால் நட்டம் உடையவனுக்கு மட்டுமே. இப்புதிய சுமைகளுள் ஒன்று அவிழ்ந்தால் நட்டம் ஊருக்கு. இவ்வேறுபாட்டை உணர்ந்து நடப்பதிலேயே பாதுகாப்பு முழுவதும் அடங்கியுள்ளது.

எந்தச் சுமைக்கும் முதலாவதாகக் கவனிக்க வேண்டியது நிறை. மிக மெல்லிய மயிலிறகும் அளவுக்கு மிஞ்சி ஏற்றப்பட்டால் வண்டியின் அச்சை முறிக்கும் என்பது திருக்குறள் காட்டும் உவமை. அச்சு முறிவதற்கு முன்னரே வேறு தீமைகள் தோன்றிவிடும். தடைகள் சூடேறிப் பிடிப்புக் குறையும். சில்லுகளின் இறப்பர் வெப்பத்தால் வெடிக்கும். உயரமாக அடுக்கிய சுமை வளைவில் வண்டியைக் கவிழ்க்கும். வேகமும் இதனோடு சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டியை 80 கிலோமீற்றருக்கு விரைவாக்கினால், வேகம் இரண்டு மடங்குதான் ஆகிறது. ஆனால் அதை நிறுத்துவதற்குத் தடைகள் உறிஞ்சிக்கொள்ள வேண்டிய ஆற்றலோ நான்கு மடங்காகிவிடுகிறது. பாரமான மூடைகளைக் கீழேயும், இலேசானவற்றை மேலேயும், இரு பக்கமும் சமமாகவும் அடுக்கிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது பழைய வண்டிக்காரர் அறிந்த முறையே. இயந்திர வேகம் வந்தபின் அம்முறையின் தேவை பன்மடங்காயிற்று.

திரவச் சுமைக்குத் தனியான ஒரு குணம் உண்டு. ‘குறைகுடம் கூத்தாடும்’ என்ற பழமொழி பவுசர் வண்டிக்கு முற்றிலும் பொருந்தும். 13,200 லீற்றர் பெற்றோலின் நிறை ஏறத்தாழ 10 தொன். கொள்கலன் நிறைந்திருக்கும்போது அத்திரவம் அசைவதற்கு இடமில்லை. பாதியளவே இருக்கும்போது, சாரதி தடையை அழுத்தியதும் அது முன்னோக்கி அலையாகப் பாய்ந்து வண்டியைத் தள்ளுகிறது. வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியையும் சாய்க்கிறது. இதனாலேயே பவுசரின் உட்புறம் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தண்ணீர் கொண்டு செல்லும் பவுசருக்கும் இவ்விதி பொருந்தும்.

பெற்றோலின் ஆபத்து திரவத்தைக் காட்டிலும் அதன் ஆவியிலேயே பெரிதாக உள்ளது. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்களவு அந்த ஆவி கலந்தாலே ஒரு பொறியில் தீப்பிடிக்கும். அது காற்றிலும் பாரமானது; எனவே மேலே கலைந்து போகாமல் நிலத்தை ஒட்டித் தவழ்ந்து, வடிகானிலும் பள்ளத்திலும் தங்கி, தொலைவில் எரியும் அடுப்பையும் சென்று தொடும். வெறுமையான பெற்றோல் பீப்பாயில் ஆபத்தில்லை என்று எண்ணுவது தவறு. அதனுள் திரவம் இராவிட்டாலும் ஆவி நிறைந்திருக்கும். அத்தகைய பீப்பாயை முறைப்படி தூய்மை செய்யாமல் பற்றவைக்க முயன்று உயிரிழந்தோர் உலகின் பல பாகங்களிலும் உளர்.

குழாய் வழியே விரைந்து பாயும் எரிபொருள் தன் உராய்வினால் நிலைமின்னையும் உண்டாக்குகிறது. இறக்கத் தொடங்குமுன் பவுசரை நிலத்தோடு கம்பியால் இணைப்பது அம்மின்னை வெளியேற்றுவதற்காகவே. சமையல் எரிவாயுவும் காற்றிலும் பாரமானது. அதன் சிலிண்டர்களை நிமிர்த்தி வைத்து, காற்றோட்டமுள்ள திறந்த வண்டியிலே ஏற்றவேண்டும். தோணியில் ஏற்றும்போது மேலும் விழிப்புத் தேவை. கசிந்த வாயு வெளியேற வழியின்றித் தோணியின் அடித்தட்டில் தேங்கிவிடும். சனங்கள் நெருங்கி நிற்கும் படகுப்பாதையில் பெற்றோல் கலனை ஏற்றுவதும், அதன் அருகே சுருட்டுப் புகைப்பதும் பலரது உயிரை ஒருவர் பணயம் வைப்பதாகும்.

ஒரு பொருள் தனியே பாதுகாப்பாக இருந்தாலும், வேறொன்றின் அருகில் வைத்தால் கேடாக மாறலாம். இதற்கு 1958ஆம் ஆண்டில் கேரளத்தில் நிகழ்ந்த துயரம் சான்று. கோதுமை மா மூடைகளும் பரத்தியோன் என்னும் பூச்சிகொல்லியும் ஒரே கப்பலில் சேர்த்து ஏற்றப்பட்டன. பூச்சிகொல்லி கசிந்து மாவில் ஊறியது. அந்த மாவால் ஆக்கிய உணவை உண்டவர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நஞ்சை எவரும் வேண்டுமென்று கலக்கவில்லை. சுமையை அடுக்கியபோது பிரித்து வைக்கத் தவறியதே அத்தனை உயிர்களுக்கும் இறுதியாயிற்று. இந்தியாவில் பூச்சிகொல்லிகள் குறித்து 1968இல் தனிச் சட்டம் பிறப்பதற்கு அந்நிகழ்ச்சி ஒரு காரணமாயிற்று.

இது கடலில் மட்டும் நிகழக்கூடிய ஒன்றா? வயலுக்குக் கிருமிநாசினிப் போத்தல்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரப் பெட்டி, மாலையில் நெல்மூடைகளையோ அரிசியையோ ஏற்றித் திரும்புவதுண்டு. காலையில் ஒரு போத்தல் கசிந்திருந்தால், பலகையில் ஊறிய நஞ்சு சாக்கினூடாகத் தானியத்தைச் சேரும். ஆதலால் உணவுப் பொருளையும் நஞ்சையும் ஒரே பெட்டியில் ஒருபோதும் ஏற்றலாகாது. நஞ்சு ஏற்றிய பெட்டியை வாய்க்காலில் கழுவாமல், நீர்நிலைக்கு அப்பால் கழுவிய பின்னரே வேறு வேலைக்கு எடுக்கவேண்டும்.

வண்டி ஓடும்போது எச்சரிக்கையாக இருப்பவரும், அது நின்றுவிட்டால் ஆபத்தும் நின்றுவிட்டதாகக் கருதி ஓய்ந்துவிடுவது உண்டு. அக்கருத்து எவ்வளவு பிழையானது என்பதை மட்டக்களப்பு மாவட்டம் தன் உயிர்களைக் கொடுத்து அறிந்தது. செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் வீதியில் கரடியனாறு என்னும் ஊர் இருக்கிறது. வீதியமைப்பு வேலைக்காகக் கொண்டுவரப்பட்ட வெடிபொருள்கள் அங்குள்ள பொலிஸ் நிலைய வளவில் கொள்கலன்களில் இருந்தன. 2010 செப்டெம்பர் 17ஆம் நாள் அவை வெடித்தன. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மேலும் பலர் காயமுற்றனர். மாண்டவர்களுள் பொலிஸாரும் இருந்தனர். வீதி வேலைக்கு வந்திருந்த சீன நாட்டவர் இருவரும் இருந்தனர். நெடுங்காலப் போர் 2009இல் ஓய்ந்து, மக்கள் வீடு திரும்பி, வீதிகள் புதுப்பிக்கப்பட்ட காலம் அது. போரைக் கடந்து பிழைத்த ஊரில், அமைதிக்கால வேலைக்கென வந்த பொருளால் அந்த அழிவு நேர்ந்தது.

வெடிமருந்தைப் பொறுத்தவரை உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட விதிகள் சில உண்டு. வெடிமருந்தையும் அதைத் தூண்டும் கருவியையும் ஒன்றாக வைத்தலாகாது. ஓரிடத்தில் எவ்வளவு மருந்து இருக்கிறதோ அதற்கேற்ற தூரத்தில் வீடுகளும் வீதிகளும் அலுவலகங்களும் இருத்தல் வேண்டும். தேவைக்கு மிஞ்சிய மருந்தை வேலைத்தளத்தருகே தேக்கி வைத்தலாகாது. இவ்விதிகளின் சாரம் ஒன்றே: சுமை வண்டியிலிருந்து இறங்கி, தனக்குரிய இடத்தில் முறைப்படி சேரும்வரை, பயணம் முடிந்ததாகக் கொள்ளக்கூடாது. காவல் உள்ள இடம் என்பதனால் மட்டும் ஓரிடம் வெடிமருந்துக்கு உரிய இடமாகிவிடாது. காவல் திருடனைத் தடுக்கும். வெப்பத்தையும் பொறியையும் தடுக்க இடைவெளியே வேண்டும்.

வண்டிக்குள் இருப்பது யாதென்று வெளியில் நிற்பவருக்கு எவ்வாறு தெரியும்? இதற்கு ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு 1956ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பரிந்துரைகளை வெளியிட்டது. அம்முறையில் ஆபத்தான பொருள்கள் ஒன்பது வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. வெடிபொருள் முதலாம் வகுப்பு. வாயுக்கள் இரண்டாம் வகுப்பு. எரியும் திரவங்கள் மூன்றாம் வகுப்பு. அமிலம் போன்ற அரிக்கும் பொருள்கள் எட்டாம் வகுப்பு. ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு இலக்கமுள்ள எண்ணும் உண்டு. பெற்றோலின் எண் 1203. மொழி அறியாத நாட்டிலும் அந்த எண்ணைக் கண்டால், தீயணைப்போர் தண்ணீர் பாய்ச்சுவதா, நுரை பாய்ச்சுவதா என்று உடனே தீர்மானிக்கலாம். பெற்றோல் தண்ணீரில் மிதப்பது; அதன்மேல் தண்ணீரைப் பாய்ச்சினால் தீ நீரோடு சேர்ந்து பரவும்.

கவிழ்ந்த பவுசரைக் கண்டால் ஊரவர் செய்யவேண்டியது விலகி நிற்பதே. பாகிஸ்தானில் பகவல்பூர் அருகே 2017 யூன் மாதத்தில் ஒரு பவுசர் கவிழ்ந்து எரிபொருள் ஒழுகியது. அதை அள்ளிச் செல்லக் கலன்களோடு மக்கள் திரண்டனர். தீப்பற்றியதும் இருநூறுக்கும் மேற்பட்டோர் கருகி மாண்டனர். அவர்கள் அள்ள முயன்றது சில லீற்றர் எண்ணெய், இழந்ததோ குடும்பங்களையே.

வாவிப் பிரதேசத்தில் இத்தகைய விபத்துக்கு மற்றொரு விளைவும் உண்டு. இவ்வாவி கடலோடு கலக்கும் வாயில்கள் இரண்டே: வடக்கே பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றிலும் உள்ள முகத்துவாரங்கள். மழையற்ற மாதங்களில் மணல் திரண்டு அவையும் அடைபடுவதுண்டு. ஓடும் ஆற்றில் விழுந்த நஞ்சை ஆறு கடலுக்குக் கொண்டு சேர்க்கும். வாவியில் விழுந்த நஞ்சோ அங்கேயே தங்கும். எண்ணெய் கண்டல் மரங்களின் வேர்களில் படியும். அவ்வேர்களிடையே வளரும் இறாலும் மீன்குஞ்சும் அழியும். கரைவாழ் மீனவரின் அடுப்பு அணையும். பாலத்தின் மேல் ஒரு கணம் தவறும் சாரதி, அப்பாலத்தை ஒருபோதும் கடந்திராத குடும்பங்களின் சோற்றையும் பறித்துவிட இயலும்.

மாரி காலத்தில் நீர் வீதிக்கு மேலே ஏறும்போது இன்னொரு சோதனை தோன்றுகிறது. ஒரு கனமீற்றர் நீரை விலக்கும் வண்டி, தன் நிறையில் ஒரு தொன்னை இழந்ததுபோல் ஆகிறது. வெறுமையான கொள்கலனோடு வெள்ளத்தில் இறங்கும் பவுசர் பாரமற்ற மிதவையாகி ஒதுக்கப்படலாம். அத்தகைய நாளில் தாமதம் நட்டமாகத் தோன்றினும், காத்திருப்பதே மலிவு.

இவற்றையெல்லாம் சாரதி ஒருவர் மட்டும் செய்ய முடியாது. சுமையின் இயல்பை மறைக்காமல் சொல்லும் உடையவர், கூலிக்காக மிகை ஏற்றாத முதலாளி, கசிவைக் கண்டதும் சொல்லும் தொழிலாளி, நிறுத்துமிடத்தை ஆராய்ந்து காட்டும் அதிகாரி, விலகி நிற்கும் ஊரவர் ஆகிய ஐவரும் சேர்ந்தே ஒரு சுமையைப் பத்திரமாகக் கரை சேர்க்கின்றனர். வள்ளத்தில் நெல் ஏற்றிய நாளில் சுமை சமனாக இருக்கிறதா என்று தண்டு வலிப்பவர் முதலிற் பார்த்துக்கொண்டார். ஏனெனில் கவிழ்ந்தால் அவரும் மூழ்குவார். இன்றைய வண்டி கவிழ்ந்தால் மூழ்குவோர் பலர். ஆகவே பார்க்கவேண்டியவரும் பலரே.