மூன்றரைச் சாண் கம்பி

வண்டி உறையை இழுத்தது என் அக்கா மகன். தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறான். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளம் அது. வெயிலும் மழையும் நேரே விழும். அதனால் வண்டிக்கு எப்போதும் உறை போட்டு வைப்போம். உறையின் ஓரம் கூரைமேல் இருந்த ஏரியலில் மாட்டிக்கொள்ள, அவன் வேகமாக இழுக்க, 'டக்' என்று ஒரு சத்தம். கழுத்தோடு முறிந்த ஏரியலைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சற்று நின்றான்.

"பரவாயில்லைடா. முறிஞ்ச இடத்தைக் கொஞ்சம் உத்துப் பாரு" என்றேன்.

கறுப்பு ரப்பருக்குள்ளே மெல்லிய குச்சி ஒன்று. அதைச் சுற்றிச் சுற்றிச் செம்புக்கம்பி ஏறியிருந்தது, பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் மாதிரி. ரப்பரைக் கீறி, கம்பியை அவிழ்த்து நீட்டினோம். ஒரு சாண் ஏரியலுக்குள்ளிருந்து கம்பி வந்துகொண்டே இருந்தது. ஒரு மீட்டரையும் தாண்டிவிட்டது.

"இவ்வளவு கம்பியை ஏன் மாமா இதுக்குள்ள சுருட்டி வச்சிருக்காங்க?"

விடை நம் சிங்கப்பூர் வானொலியின் பெயரிலேயே இருக்கிறது. ஒலி 96.8. அந்த எண்ணைத் தினமும் கேட்கிறோம். அது எதன் எண்? 96.8 மெகாஹெர்ட்ஸ், அதாவது அந்த நிலையத்தின் அலை நொடிக்கு 9 கோடியே 68 லட்சம் முறை துடிக்கிறது. வானொலி அலை ஒளியின் வேகத்தில் பாய்வது, நொடிக்கு ஏறத்தாழ 30 கோடி மீட்டர். 30 கோடியை 9 கோடியே 68 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். 3.1 வரும். ஓர் அலையின் நீளம் 3.1 மீட்டர்! கண்ணுக்குத் தெரியாதே தவிர, சிராங்கூன் சாலையில் நம் தலைக்கு மேலே போகும் அந்த அலை ஒவ்வொன்றும் ஒரு காரின் நீளத்தில் பாதிக்கும் மேல்.

அதில் கால் பங்கு சுமார் 77 சென்டிமீட்டர். என் கைக்கு மூன்றரைச் சாண். பழைய கார்களில் நெட்டையாக நிற்குமே ஒரு கம்பி, அது ஏறக்குறைய இந்த உயரம்தான்.

அதென்ன கால் பங்குக் கணக்கு? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னக் கை தள்ளினாலே உயரப் போகும். நேரம் தப்பித் தள்ளினால் நின்றுவிடும். ஏரியல் கம்பியில் மின்துடிப்புதான் ஊஞ்சல். வானொலி அலை அதை மேலே தள்ளுகிறது. துடிப்பு நுனிவரை ஓடி, மேலே வழியில்லாமல் திரும்புகிறது. கம்பி கால் அலை நீளம் இருந்தால், போய்த்திரும்ப அரை அலை நேரம் ஆகும். சரியாக அந்த நேரத்தில் அலையும் திசை மாறி, கீழ்நோக்கித் தள்ள ஆரம்பிக்கும். தள்ளலும் திரும்பலும் ஒன்றாகச் சேர, துடிப்பு வலுக்கிறது. இதற்குக் காரின் இரும்புக் கூரையும் உதவுகிறது. கண்ணாடிமேல் நிறுத்திய பென்சில் இரட்டிப்பு நீளமாகத் தெரிவதுபோல, கூரைமேல் நிற்கும் கம்பி அலைக்கு இரண்டு மடங்காகத் தெரியும்.

கூரையில் மூன்றரைச் சாண் கம்பி நின்றால் கார் நிறுத்துமிடத்தின் உத்தரத்தில் இடிக்கும். அதனால்தான் சுருட்டிவிட்டார்கள். சுருட்டும்போது கணக்குக் கொஞ்சம் மாறி, 77 சென்டிமீட்டரைவிடக் கூடுதல் கம்பி தேவைப்படும். குட்டை ஏரியல் நெட்டைக் கம்பி அளவுக்கு அலையைப் பிடிக்காது என்பதும் உண்மை. ஆனால் நம் தீவு சிறியது. கிழக்கிலிருந்து மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். புக்கிட் பாத்தோக் குன்றில் நிற்கும் ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து வரும் அலைக்கு இந்தச் சாண் ஏரியலே போதும்.

சரி, வேலைக்கு வருவோம். முறிந்த ஏரியலின் மரைப்பகுதி அடிப்பாகத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. குறடால் பிடித்து இடப்பக்கமாக மெல்லத் திருகினேன். வரவில்லை. துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுக் காத்திருந்து திருகியதும் கழன்றது. துளைக்குள் பச்சையாகக் களிம்பு. பழைய செம்புக் குடத்தில் பாட்டி புளி போட்டுத் தேய்ப்பார்களே, அதே களிம்பு! ரப்பர் வாஷர் வெடித்து, உள்ளே மழைநீர் போயிருக்கிறது. களிம்பு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. கம்பி நன்றாக இருந்தாலும் பாட்டு இரைச்சலாகத்தான் வரும்.

அப்போது அவனிடம் ஒரு வேலை சொன்னேன். எஞ்சின் ஓடவில்லை, ரேடியோ மட்டும் 'உஸ்ஸ்' என்று இரைந்துகொண்டிருந்தது.

"அந்தத் துளையில விரலை வை."

வைத்தான். இரைச்சல் அடங்கிப் பாட்டு வந்தது. எடுத்தான், போய்விட்டது. மறுபடி வைத்தான். அவன் கண் விரிந்ததை நான் மறக்க மாட்டேன். நம் உடம்பில் உப்புநீர் இருக்கிறது, அது மின்சாரத்தைக் கடத்தும். சில நிமிடங்களுக்கு அவனே அந்த வண்டியின் ஏரியல். (இதைப் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். வானம் இருட்டி இடி கேட்டால் மேல்தளத்தில் ஒரு நிமிடமும் நிற்காதீர்கள். சிங்கப்பூர் மின்னல் அடிக்கடி வரும் ஊர்.)

உப்புத்தாளைச் சுருட்டித் துளையைத் தேய்த்தோம். உதிரிப்பொருள் கடைக்குப் போகும்போது பழைய மரைத்துண்டையும் கொண்டுபோனோம். 5 மில்லிமீட்டர் மரையும் உண்டு, 6 மில்லிமீட்டர் மரையும் உண்டு, கண்ணளவில் ஏமாந்துவிடுவோம். திரும்பும் வழியில் ஜாலான் புசாரில் இருக்கும் சிம் லிம் டவருக்குக் கூட்டிப்போனேன். சுருள் சுருளாகக் கம்பி, பெட்டி பெட்டியாக மின்னணுப் பாகங்கள். அவனை வெளியே கொண்டுவருவதே பெரும்பாடு. புது வாஷர் வைத்து, புது ஏரியலை விரலாலேயே திருகினான். குறடு வேண்டாம், அதிகம் முறுக்கினால் மரை கெட்டுவிடும்.

"அப்ப போன்ல ஏன் ஏரியலே இல்ல?" என்று வண்டியில் கேட்டான். இருக்கிறது, உள்ளே. போனின் அலைகள் சிறியவை. 1,800 மெகாஹெர்ட்ஸ் அலையில் கால் பங்கு 4 சென்டிமீட்டருக்கும் சற்று மேல், அவ்வளவுதான். நூறாண்டுகளுக்கும் முன்பே கல்கத்தாவில் அறிவியலாளர் ஜகதீச சந்திர போஸ் இதைவிடச் சிறிய, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அலைகளை உண்டாக்கி ஆராய்ந்தார். அவருடைய ஏரியல் மேசைமேல் வைக்கும் சின்ன உலோகக் கூம்பு.

அவிழ்த்த செம்புக்கம்பியை அவன் எறியவிடவில்லை. 77 சென்டிமீட்டருக்கு அளந்து வெட்டி, தன் மேசை ரேடியோவில் மாட்டி, வீட்டுக்கு உள்பக்கமாக ஜன்னலோரம் தொங்கவிட்டிருக்கிறான். ஜன்னலின் இரும்புக் கம்பிக்கு ஒட்டினாற்போல் வைத்தால் பாட்டு மங்குகிறதாம். ஒரு சாண் தள்ளி வைத்தால் தெளிகிறதாம். எத்தனை விரற்கடை தள்ளினால் மிகத் தெளிவு என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வருகிறான்.